மூன்றும் இரண்டும் ஒரே பொக்கற்றில்

இன்று காலை சலவை இயந்திரத்திலிருந்து என் நீலச் சேட்டை எடுத்த மனைவி, பொக்கற்றுக்குள் விரலை விட்டுச் சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக எதையோ கிள்ளி எடுத்தாள். "இஞ்சேருங்கோ, பொக்கற்றைப் பாத்துப் போடுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்றாள். சந்தையில் வாங்க வேண்டிய மரக்கறிகளை எழுதி வைத்திருந்த துண்டு அது. முருங்கைக்காய், கத்தரிக்காய் எல்லாம் கூழாகிவிட்டன. எதையும் துண்டுக் கடதாசியில் எழுதிச் சேட்டுப் பொக்கற்றில் வைக்கும் பழக்கம் எனக்கு எங்கிருந்து தொற்றியது என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு இருங்கள், கதை கொஞ்சம் சுற்றித்தான் வரும்.

சேட்டு என்றதும் எனக்குப் பனம்பழ மணம் வருகிறது. போரும் பொருள் தடையுமாகச் சவர்க்காரம் கிடைக்காத காலத்தில் பனம்பழத்தைப் பிசைந்துதான் உடுப்புத் தோய்த்தோம். அழுக்குப் போனதோ இல்லையோ, மாடுகளுக்கு எங்களில் பெரிய பட்சம் வந்துவிட்டது. கொடியில் காய்ந்த என் சேட்டின் கொலரை அயல்வீட்டுப் பசு ஒன்று ஆறுதலாகச் சப்பித் தின்றுவிட்டது. கொலர் இல்லாத அந்தச் சேட்டோடுதான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தேன். புது மோஸ்தர் என்று இரண்டு பேர் நம்பினார்கள். நல்ல காலம், பொக்கற்றைப் பசு விட்டுவைத்திருந்தது.

அப்போது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எங்கள் துறையில் ஒரு கணினி இருந்தது, பெட்டி நிறையத் தூசியோடு. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் ஜெனரேற்றரை இயக்குவார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் அது. ஊசியால் துளிப் பெற்றோல் விட்டுக் கெஞ்சினால்தான் உறுமும். இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் மணந்தால் மற்றவர்களுக்கு விளக்கு நினைவு வரும், எனக்குக் கணினி. வாரத்தின் மிச்ச நாட்களில் கணினி செய்ய வேண்டிய வேலையை நாங்களே செய்தோம். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே செய்தோம்.

எல்லாம் மேர்சிக்காக. மேர்சி என் வகுப்புக்காரி. மானிப்பாய்ப் பக்கத்தில் தேவாலயம் போகும் வேதக்காரக் குடும்பம், தகப்பன் ஓய்வுபெற்ற தபால் அதிபர். இறுதியாண்டு வேலையாக அவள் ஒரு சின்னக் கொம்பைலர் எழுதிக்கொண்டிருந்தாள். மனிதர் எழுதும் கட்டளையை இயந்திரத்துக்கு விளங்கும் வடிவுக்கு மாற்றித் தருவது கொம்பைலர். அவள் மாற்ற எடுத்த மொழியில் எல்லாமே கேள்வியும் பதிலும்தான். ஒரு கணக்குத் தன் பதிலைக் கண்டுபிடிக்க, தன்னையே இன்னும் சின்னதாக ஒரு கேள்வி கேட்கலாம். ஒருமுறை சொன்ன எண்ணைப் பிறகு மாற்ற முடியாது. அதன் அழகை விளங்கப்படுத்தும்போது அவளுக்குக் கை கால் எல்லாம் கதைக்கும். நான் பாதி விளங்கியும் பாதி அவளைப் பார்த்தும் தலையாட்டுவேன்.

அவளுக்கு அவகாசம் இருக்கவில்லை. வீட்டில் எல்லோரும் கிளாலிக் கடலேரியைத் தாண்டிக் கொழும்புக்குப் போக முடிவெடுத்திருந்தார்கள். "சோதினை முடிஞ்சாலும் சரி முடியாட்டியும் சரி, ஆவணி பிறக்கப் போறம்" என்று தகப்பன் சொல்லிவிட்டார். அதற்குள் கொம்பைலர் சரியாக ஓடாவிட்டால், படித்த இத்தனை வருடமும் பட்டமில்லாமல் வள்ளம் ஏற வேண்டியதுதான்.

அது ஓடியது, ஆனால் பிழையாக. ஒன்றிலிருந்து ஐந்து வரை கூட்டச் சொன்னால் பதினைந்து வர வேண்டும். இயந்திரம் ஒவ்வொரு வெள்ளியும் பச்சை எழுத்தில் "5" என்று காட்டியது. கணக்கை எழுதிய விதம் பிழையா, கொம்பைலர் பிழையா என்று அறிய நாங்கள் ஐந்து கதிரைகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டோம்.

முதற்கதிரைக்காரனிடம் மேர்சி "அஞ்சு வரைக்கும் எவ்வளவு?" என்று கேட்பாள். அவன் தன் துண்டில் ஐந்து என்று எழுதிப் பொக்கற்றில் வைத்துவிட்டு, பக்கத்துக் கதிரையிடம் "நாலு வரைக்கும் எவ்வளவு?" என்பான். இப்படியே கேள்வி கடைசிக் கதிரைக்குப் போகும். அங்கே இருந்த தவம், தடித்த பகிடிக்காரன், "ஒண்டு" என்று பெரிய மனதோடு சொல்லுவான். பிறகு பதில் திரும்பி வரும். அவரவர் பொக்கற்றிலிருந்து துண்டை எடுத்து, வந்த பதிலோடு தன் எண்ணைக் கூட்டிப் பின்னுக்குச் சொல்ல வேண்டும். சட்டம் ஒன்றுதான்: கேட்டவன், பதில் வரும்வரை கதிரையை விட்டு எழும்பக் கூடாது. ஒருநாள் பதில் நடுவழியில் நின்றபோது ஷெல் சத்தம் கேட்டது. தவம் மேசைக்குக் கீழே இருந்தபடியே "ஒண்டெண்டு முதலே சொல்லிப்போட்டன், நான் எழும்பலாம்" என்று வாதாடினான்.

எங்களுக்கு எப்போதும் பதினைந்துதான் வந்தது.

முன் இரண்டு கதிரைகளிலும் கொக்குவிலிலிருந்து வரும் அண்ணன் தம்பி இருவர். மூன்றாவது நான். எனக்கும் தவத்துக்கும் நடுவே சிவநேசன். கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் வருவான். அவனுடைய மாமன் பட்டணத்தில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தார். அங்கே வெட்டி எறியும் ஓரத்துண்டுகளை அவன்தான் பை நிறையக் கொண்டுவருவான். கடதாசி கிடைக்காத நாட்களில் அது எங்களுக்குப் பெரிய சொத்து. மேர்சியின் பிழையை அவளைவிட அவன்தான் மனதுக்குள் போட்டு உருட்டினான். சாப்பிடும்போது நடுவில் கையை நிறுத்திவிட்டு, "மச்சான், எங்களுக்குச் சரியா வாறது அதுக்கு ஏன் வருகுதில்லை?" என்று கேட்பான். நான் அவனுடைய பொரியலை எடுத்துத் தின்பேன். கவனிக்க மாட்டான்.

ஒரு பின்னேரம் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்தான். இறங்கிய குரலில் சொன்னான்:

"நாளைக்குக் கிளாலியாலை போறம் மச்சான். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு அம்மா சொன்னவ."

கைச்செலவுக்கு வைத்திருந்த காசை நீட்டினேன், வாங்கவில்லை.

"உந்தப் பிழை பிடிபட்டா எனக்கும் சொல்லி அனுப்பு. இல்லாட்டி எனக்கு நித்திரை வராது."

"எங்கையடா அனுப்புறது?"

"போய்ச் சேந்து விலாசம் போடுறன்."

அடுத்த நாள் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. மேர்சி அதைப் பார்த்தாள். எங்கள் காலத்தில் ஆளில்லாத கதிரைக்கு ஒரே விளக்கம்தான். "இரண்டுக்கும் நானே இருக்கிறன்" என்றேன். துண்டு கொண்டுவருபவன் போய்விட்டானே, இருப்பதை மிச்சம் பிடிக்கலாம் என்று எனக்கொரு புத்தி வந்தது. மூன்று என்று எழுதிப் பொக்கற்றில் வைத்தேன். பிறகு சிவநேசனின் கதிரைக்கு நகர்ந்து, அதே துண்டை வெளியில் எடுத்து, மூன்றை அழிறப்பரால் அழித்து இரண்டு என்று எழுதினேன். தவம் "ஒண்டு" என்றான். நான் இரண்டைக் கூட்டி மூன்று என்று எனக்கே சொல்லி, என் கதிரைக்குத் திரும்பிப் பொக்கற்றைப் பார்த்தால் இரண்டுதான் இருந்தது. ஏதோ யோசனையில் அதையே கூட்டிப் பின்னுக்கு அனுப்பினேன்.

முதற்கதிரையில் மூத்தவன் "பதினாலு" என்றான்.

"ஆள் ஒண்டு குறைஞ்சா விடையிலையும் ஒண்டு குறையத்தானே வேணும்!" என்றான் தவம். எல்லோரும் சிரித்தோம். மேர்சி சிரிக்கவில்லை.

"ஒருத்தரும் அசையாதேங்கோ. உம்மடை துண்டைக் காட்டும் பாப்பம்." காட்டினேன். "மூண்டு எங்கை?"

"அழிச்சிட்டன். துண்டு மிச்சம் பிடிக்கத்தான்..."

அவள் எங்கள் எல்லோரின் துண்டுகளையும் வாங்கி மேசையில் வைத்தாள். ஒன்றை மட்டும் திருப்பித் தந்தாள். "இனி எல்லாருக்கும் இந்த ஒரு துண்டுதான். ஒரே பொக்கற். அழிச்சு அழிச்சு எழுதுங்கோ."

துண்டு கைக்குக் கை மாறி, அழிபட்டு அழிபட்டுத் தவத்திடம் போனது. திரும்பி வரும்போது அதில் ஒன்று மட்டும்தான் இருந்தது. ஒவ்வொருவரும் அந்த ஒன்றையே கூட்டினோம். மூத்தவனிடம் வந்து சேர்ந்தபோது அவன் வாயைத் திறக்கக் கொஞ்சம் பயந்தான்.

"அஞ்சு."

மேர்சி சிவநேசனின் கதிரையில் பொத்தென்று இருந்தாள். "நான் இலக்கம் வைக்க எல்லாருக்கும் ஒரே பெட்டிதான் குடுத்திருக்கிறன்" என்றாள். "கேக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் வேறை வேறை பெட்டி குடுத்திருக்க வேணும்." எங்களுக்கு ஆளுக்கொரு பொக்கற் இருந்தது, அதனால்தான் எங்களிடம் அந்தப் பிழை வரவேயில்லை. அவளுடைய சட்டைகளில் பொக்கற்றே கிடையாது, அவளுக்கு எப்படித் தோன்றும் என்று தவம் பிறகு அவளைக் கேலி செய்தான்.

வெள்ளிக்கிழமை ஜெனரேற்றர் நெடுநேரம் அடம்பிடித்தது. திரையில் "15" வந்தபோது மேர்சி அழுதாள். எங்களுக்குப் படிப்பித்த சேர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓம், சரி. நிப்பாட்டுங்கோ, எண்ணெய் முடியப்போகுது" என்றார். அவரிடம் அதைவிடப் பெரிய பாராட்டு எவருக்கும் கிடைத்ததில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு கவலை. இனி அவள் போய்விடுவாள் என்பது அந்தப் பச்சை எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டத்தைக் கையில் பிடித்தது மாதிரித்தான் ஆவணியில் போனாள். "வாறன்" என்றுதான் சொன்னாள், எங்கள் ஊரில் போகிறவர்கள் எல்லோரும் சொல்வது போல.

பிறகு கொக்குவில்காரர் போனார்கள். தவமும் போனான். ஊர் முழுவதும் இடம்பெயர்ந்த அந்த மழைக்காலத்தில் அந்தக் கதிரைகளும் யாருடைய அடுப்புக்கோ விறகாகியிருக்கும். இப்போது அங்கே வரிசை வரிசையாகக் கணினிகள், குளிரூட்டி, சில்லு வைத்த நாற்காலிகள். கேட்ட மறுகணமே பதில் வருகிறது. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பவன் யார் என்று பார்க்க வேண்டிய தேவையில்லை.

மேர்சி ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கனடாவிலிருந்து தொலைபேசியில் கதைப்பாள். முதற்கேள்வி மாறியதில்லை. "சிவநேசன்ரை சிலமன் ஏதும் இருக்கோ?" இல்லை என்பேன். விலாசம் வரவேயில்லை. அந்தக் கிழமை கிளாலியில் சில வள்ளங்கள் கரை சேரவில்லை என்று பின்னர் கதைத்தார்கள். அவன் ஏறியது எது என்று சொல்ல எவரும் இல்லை.

கேட்டவன், பதில் வரும்வரை எழும்பக் கூடாது. அவன் கேட்டுவிட்டுத்தானே போனான். எங்கோ ஒரு கதிரையில் இன்னும் எழும்பாமல் இருக்கிறான் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

பதினைஞ்சு வந்தது மச்சான். நீ வராததாலைதான் வந்தது.