அச்சு கிடைத்துவிட்டது

முறிந்த அச்சின் பாதியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் கடை கடையாக ஏறி இறங்கினேன். நல்ல கனம். பஸ்ஸில் மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகும். முதலில் லக்கேஜ் கேட்ட கண்டக்டர்கள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் போனார்கள்.

என் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வுபெற்று வந்ததும், தான் ஓட்டிய அதே ரகத்தில் ஒரு பழைய லாரியை ஏலத்தில் எடுத்து, திருப்புட்குழியில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் நிறுத்தினார். யானையைக் கட்டித் தீனி போடுவது என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆறு வருஷம் ஒவ்வொரு சாமானாகத் தேடித் தேடிப் பூட்டினார். எஞ்சின் ஓடியது, விளக்கு எரிந்தது. மனையிலிருந்து ரோட்டுக்கு ஏற்றிய அன்று பின்பக்க அச்சு முறிந்தது. அதே மாதம் கண் டாக்டர், சர்க்கரை இரண்டு கண்ணையும் தின்றுகொண்டிருக்கிறது, மிச்சப் பார்வை சில மாதம் தாங்கினால் பெரிது என்றார்.

அவர் கேட்டது ஒன்றுதான். "தென்னேரி ஏரிக்கரை வரிக்கும் ஒரே ஒரு தபா நானே ஓட்டிக்கினு போய்ட்டு வந்துடணும். அப்புறம் இன்னா ஆனாலும் ஆவட்டும்."

அந்தக் கண்ணோடு ஓட்டலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரால் அலைய முடியாது, நான் அலைந்தேன்.

புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் சாக்கைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "இன்னாமா, இந்த வண்டிக்கு இப்ப யாரு சாமான் வச்சிருக்கா? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதும்பாங்க. உனுக்கு அச்சே இல்ல." இன்னொருவர் உள்ளேயிருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அதே நீளம், அதே பருமன். ஆனால் முனையில் வரிவரியாக வெட்டியிருக்கும் பல்லில் இரண்டு குறைந்தது. ஒரு பல் குறைந்தாலும் உள்ளே சேராது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று முறை எண்ணினேன். இரண்டு குறைந்தது குறைந்ததுதான்.

வாலாஜாபாத்தில் ஒரு லேத் பட்டறையில் புதிதாகவே கடைந்து வாங்கினேன். வண்டி ஒரு அடி நகர்ந்தது. அச்சு முறுக்குப் போலத் திருகிக்கொண்டது. இரும்பு சரியில்லை என்றார் கணவர், அமைதியாக. நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன். எனக்கு இருந்த பயம் எல்லாம் அவர் கண்ணைப் பற்றித்தான். "எப்படிங்க இருக்குது?" என்று காலையில் கேட்பேன். "நல்லாத்தான் தெரியுது, நீ போய்ட்டு வா" என்பார்.

போக இடமில்லாமல் போனபோது அண்ணனுக்குப் போன் செய்தேன். ஓரிக்கையில் பட்டுத் தறி வைத்திருக்கிறார். அவர் தெருக்கோடியில் பழைய லாரிகளை உடைக்கிற இடம் ஒன்று உண்டு. "அச்சு ஒண்ணு வேணும்ணா. பழசு முறிஞ்சிடுச்சு. உங்க பக்கத்துல விசாரிச்சுப் பாரு" என்றேன். கடைகளில் ஆக்சில் என்றுதான் கேட்பேன். அண்ணனிடம் பேசும்போது வாய் தானாகப் பிறந்த வீட்டுத் தமிழுக்குப் போய்விடும்.

நாலாம் நாள் அண்ணன் கூப்பிட்டார். "கெடச்சிடுச்சுமா. புத்தம் புதுசு. வந்து எடுத்துக்கினு போ."

புதுசு என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கணவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் மழித்துக்கொண்டு, ராணுவச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, லாரியில் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பி வரும்வரை இறங்க மாட்டாராம்.

அண்ணன் கொடுத்த பொட்டலம் நீளமாக இருந்தது. கையில் வாங்கினால் கனமே இல்லை. பிரித்தால் தறி அச்சு. பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும், சீப்பு மாதிரியான எஃகு அச்சு. நெசவு வீட்டில் அச்சு என்றால் வேறென்ன?

"இன்னாத்துக்குணா இது?"

"நீதான கேட்ட? மாப்ள கண்ணு இப்பிடி ஆயிடுச்சே, திரும்பத் தறியில ஒக்காரப் போறியோன்னு நெனச்சேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அண்ணன் நினைத்ததில் தப்பில்லை என்பதால் கூடுதலாக வந்தது. வேண்டாம் என்று சொல்லவும் தோன்றாமல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீடு சேர்ந்தபோது மூன்று மணி, நல்ல வெயில். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கதவருகே போய்க் காகிதத்தைக் கிழித்தேன். தறி அச்சை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். திட்டட்டும், இல்லை சிரிக்கட்டும், அதோடு இந்த அலைச்சல் ஒழியட்டும் என்று நின்றேன்.

அவர் அதையே பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வந்துடுச்சா? பல்லெல்லாம் தேயாம இருக்குதா? எண்ணிட்டியா?"

ஒரு முழத் தூரம்கூட இல்லை. அவருக்குத் தெரியவில்லை. எத்தனை நாளாகத் தெரியவில்லை என்பது எனக்கும் தெரியவில்லை.

"எண்ணிட்டேங்க," என்றேன். "சரியா இருக்குது."