ஒரு விரல் அகலக் காயம்

"தயங்காதீங்க, குத்துங்க" என்று சொல்லிப் பூசணிக்காயை நூடுல்ஸ் கடை மேடையில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள் மசுயே. டோக்கியோவிலிருந்து வந்த நாற்பது வயது நிருபர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கத்தியை ஓங்கினார். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் முறையும் வழுக்கியது. மூன்றாம் முறை பூசணிக்காய் உருள, வரிசையாக உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள் தலையைக்கூட நிமிர்த்தாமல் அவரவர் கிண்ணத்தைத் தூக்கி அதற்கு வழிவிட்டார்கள். அவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

மசுயே கத்தியை வாங்கித் தன் உள்ளங்கைமேல் வைத்துக் காட்டினாள். அலகு உள்ளங்கையை முழுதாக மறைத்தது. முனை கரண்டிபோல வட்டமாக இருந்தது. பிறகு சுண்டு விரலை நீட்டினாள். "செத்துப்போன அரிசிக்கடை அம்மா நெஞ்சுல இருந்த காயம் இவ்வளவு அகலம். நாலு விரல் ஆழம். டாக்டர் அளந்து எழுதினது, நான் சொல்றதில்ல. இந்தக் கத்தி அந்த ஓட்டைக்குள்ள எப்படிப் போச்சுன்னு உங்க பேப்பர்ல போடுங்க."

அடி வாங்கிய பூசணிக்காயை அவள் வீணாக்க மாட்டாள். மறுநாள் சோயா ரசத்தில் வெந்து அது வாடிக்கையாளர்களுக்கே இலவசமாகப் போய்விடும். வக்கீல்கள், மாணவர்கள், பாதிரியார் ஒருவர், ஒருமுறை வேடிக்கை பார்க்க வந்த ஓய்வுபெற்ற நீதிபதியின் மனைவி என்று இதுவரை எத்தனை பேர் குத்திப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. ஒருவராலும் முடியவில்லை. முடியாது. மாட்டுத் தோல் சீவும் கத்தியின் முனையை மழுக்கி வைப்பதே தோலில் பொத்தல் விழக்கூடாது என்பதற்காகத்தான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நிஷினோகுச்சியில் இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. ஐம்பத்தாறு வருடத்துக்கு முன்னால் அங்கே அரிசிக்கடை விதவை ஒருத்தியை அவள் வீட்டிலேயே எவனோ கொன்றுவிட்டான். போலீஸ் அந்த ஊரில் ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை. நேராகப் பாலம் தாண்டி வந்து, தோல் தொழிலைக் காட்டித் தலைமுறையாக ஒதுக்கிவைத்த புராக்கு ஆட்கள் குடியிருக்கிற இந்தத் தெருக்களைச் சுற்றி வளைத்து, இருபத்து மூன்று வாலிபர்களை அள்ளிக்கொண்டு போனது. மாட்டுத் தோலோடு பிழைக்கிறவன் வீட்டில் கத்தி இருக்கும், கத்தி இருக்கிறவன் குத்துவான் என்பதுதான் அவர்களுடைய துப்பறியும் லட்சணம். இருபத்து மூன்று பேரில் மசுயேயின் தம்பி ஷோஜியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. இருபத்தாறாம் நாள் அவன் ஒப்புக்கொண்டதாக ஒரு காகிதம் வந்தது. 'தோல் சீவும் கத்தியால் நெஞ்சில் ஒரே குத்தாகக் குத்தினேன்' என்று அதில் இருந்தது. அதை எழுதிய துப்பறிவாளர் பிறந்ததிலிருந்து ஒரு தோல் பட்டறைக்குள் கால் வைத்தவர் இல்லை என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் கோர்ட்டுக்குப் போய் அந்தக் கத்தியால் குத்த முடியாது என்று சாட்சி சொன்னார்கள். ஒரே பகுதியைச் சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் காப்பாற்றப் பேசுவது இயல்பு என்று தீர்ப்பு அவர்களைத் தள்ளிவிட்டது. கத்தி பொருந்தவில்லையே என்று வக்கீல் கேட்டதற்கு, பயன்படுத்திய கத்தி வேறாக இருந்திருக்கலாம், அதனால் ஒப்புதலின் உண்மைக்குப் பங்கமில்லை என்று எழுதினார்கள். ஒப்புதல் உண்மையாம், அதில் சொன்ன கத்தி மட்டும் பொய்யாம். படித்தவர்கள் மூன்று பேர் கூடி உட்கார்ந்து எழுதிய வாக்கியம் அது. மசுயேக்கு அது மனப்பாடம். நூடுல்ஸை வடிகட்டும்போது சில நாள் அதை உரக்கச் சொல்லிக்கொண்டே வடிகட்டுவாள்.

ஒருமுறை நீதிபதியே குத்திப் பார்க்கட்டும் என்று கத்தியைத் துணியில் சுற்றி உயர்நீதிமன்றத்துக்கு எடுத்துப் போய்விட்டாள். வாசலிலேயே பிடித்து, ஆயுதம் வைத்திருந்ததாக அவள்மேல் ஒரு வழக்குப் போட்டார்கள். "நல்லதாப் போச்சு. அது குத்தற ஆயுதம்னா இங்கயே குத்திக் காட்டுங்கன்னு போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டேன். எச்சரிச்சு அனுப்பிட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். கத்தியைத் திருப்பித் தரவில்லை. இப்போது இருப்பது மாமன் மகன் பட்டறையிலிருந்து வாங்கி வந்தது.

அவள் கடையில் கிடைப்பது ஒரே பண்டம். மாட்டுக் குடலைக் கொழுப்போடு நிதானமாகப் பொரித்து, அந்த மொறுமொறுத் துண்டுகளைப் போட்ட கோதுமை நூடுல்ஸ். ஒரு காலத்தில் நிஷினோகுச்சிக்காரர்கள் வீட்டுக்குள் மட்டும் சாப்பிட்டது. இப்போது ஒசாகாவில் அது நாகரிகம். ஞாயிற்றுக்கிழமை வரிசை பாலம்வரைக்கும் போகிறது. "எங்க தெரு நாத்தத்துக்கு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனவங்களோட பேரப்பிள்ளைங்க போட்டோ புடிச்சுட்டுத் திங்குதுங்க. திங்கட்டும், ஆனா எந்த ஊர்ல திங்குதுங்கன்னு தெரிஞ்சு திங்கட்டும்" என்பாள். அதற்காகவே வாசல் திரைத்துணியில் ஊரின் பழைய பெயரைப் பெரிதாகச் சாயத்தில் எழுதி வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கும் வேலைக்கும் முகவரியை மாற்றி எழுதுகிற ஊரில் அவள் ஒருத்தி இப்படி. வியாபாரம் கெடும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்கள் பேச்சை விட்டுவிட்டார்கள்.

'பாவம்' என்ற சொல்லை அவள் முன்னால் யாரும் சொல்லக்கூடாது. 'அதான் முப்பத்தோரு வருஷத்துல வெளிய விட்டுட்டாங்களே, அப்புறம் என்ன' என்று யாராவது சொன்னால் பாதி சாப்பிட்ட கிண்ணத்தை முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள். வெளியே விட்டார்கள்தான். ஆயுள் தண்டனைக் குற்றவாளி என்று வைத்து, கண்காணிப்பில்தான் விட்டார்கள். எழுபத்தைந்து வயதில் ஷோஜி ஒரு வாரத்துக்கு மேல் வெளியூர் போக அனுமதி கேட்க வேண்டும். ஓட்டுப் போட முடியாது. தேர்தல் நாளில் அவள் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் போட்டுவிட்டு வரும்வரை அவன் வாசல் சுவரில் சாய்ந்து நிற்பான். குற்றவாளி என்ற அந்தப் பெயர் போய்விட்டதை அவன் உயிரோடு இருக்கும்போதே ஒரு நீதிபதி வாயால் சொல்லிக் கேட்க வேண்டும், மசுயேக்கு வேறெதுவும் வேண்டாம். மறுவிசாரணை மனு இரண்டு முறை தள்ளுபடியாகிவிட்டது. மூன்றாவது நான்கு வருடமாக மேசையில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் கடையை அடைத்துவிட்டு நீதிமன்ற வாசலில் பலகையோடு நிற்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை அரிசிக்கடை அம்மாளின் கல்லறைக்குப் போய் ஊதுவத்தி ஏற்றுகிறாள். கொன்றவன் பிடிபடாமல் நிம்மதியாகத் திரிந்தது அந்த அம்மாளுக்கும் அநியாயம்தானே என்று கேட்கிறாள்.

ஷோஜியைப் பிடித்துக்கொண்டு போன சமயத்தில், இருபத்திரண்டு வயதில், அவளுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ரயில்வேயில் குமாஸ்தா, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர். பெண்ணின் ஊர் எது என்று தரகர் மழுப்பி வைத்திருந்தார். கல்யாணம் முடிக்கும் முன் பெண் வீட்டின் பூர்விகத்தைத் துப்பறிய ஆள் வைப்பது அங்கெல்லாம் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் வைத்த ஆள் கொஞ்சம் சோம்பேறி. அவனுடைய அறிக்கை கைக்கு வரத் தாமதமானது. வந்த அன்று மாப்பிள்ளையின் சித்தப்பா தரகரோடு வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். அவள் பார்க்கவில்லை என்று நினைத்துத் தரகரிடம் கட்டைவிரலை மடக்கி நான்கு விரல்களைக் காட்டினார். நான்கு கால் மிருகத்தோடு பிழைக்கிற ஜாதி என்று அதற்கு அர்த்தம். அவள் பார்த்துவிட்டாள். கல்யாணம் நின்றது. வேறு யாரையும் அவள் கட்டிக்கொள்ளவும் இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன்புதான் அரசுத் தரப்பு பூட்டி வைத்திருந்த பழைய பெட்டி ஒன்று, வக்கீல்கள் விடாமல் கேட்டதில், வெளியே வந்தது. அதில் ஒப்புதலை எழுதிய போலீஸ் துப்பறிவாளரின் குறிப்பேடு இருந்தது. இருபத்தாறாம் நாள் பக்கத்தில் இரண்டே வரி. 'ஒத்துக்கொள்ளாவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு நாமே போய் ஊரைச் சொல்லிவிடுவோம் என்றதும் அழுதான். ஒத்துக்கொண்டான்.' வக்கீல் அதைப் படித்துக் காட்டினார். கல்யாணம் அதற்கு நான்கு நாள் முன்பே நின்றுபோயிருந்தது. உள்ளே அடைபட்டுக் கிடந்த பையனுக்கு யார் போய்ச் சொல்வது? துப்பறிவாளருக்குத் தெரிந்தேதான் இருந்தது. அதுவும் குறிப்பேட்டில் இருந்தது.

கடை முதன்முறையாக மூன்று நாள் மூடிக் கிடந்தது. முப்பத்தோரு வருடச் சிறைக் கடிதங்களில், அத்தனை சந்திப்புகளில் ஒன்றில்கூட ஷோஜி இதைச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொல்லி என்னக்கா ஆகப்போகுது, கல்யாணம்தான் நின்னுபோச்சே" என்றான். அவனை அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு இருவரும் உட்கார்ந்து அழுதார்கள். அவளுக்குத் துக்கம் இல்லை, ஆத்திரம் என்று அவளே சொல்வாள். அது இன்றுவரை ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை குவஹாரா வந்தார். அக்கரையில் எழுதுபொருள் கடை வைத்திருப்பவர். விடுதலையானவர்களைக் கண்காணிக்கிற பொறுப்பைச் சம்பளமில்லாமல் செய்கிறவர். இருபத்தைந்து வருடமாக மாதம் இரண்டு முறை வருகிறார். முதல் வருடம் அந்த வீட்டில் ஊற்றிய தேநீரைத் தொடவே இல்லை. மசுயே ஒவ்வொரு முறையும் கோப்பை நிறைய ஊற்றி, ஆறியதும் அவர் கண்ணெதிரே கொட்டினாள். இரண்டாம் வருடம் குடித்தார். இப்போது இரண்டாம் கோப்பை கேட்டு வாங்குகிறார். மோசமான மனிதர் இல்லை என்று அவள் ஒப்புக்கொள்வாள்.

அன்று அவர் ஒரு படிவம் கொண்டுவந்திருந்தார். மன்னிப்பு மனு. ஷோஜியின் நுரையீரலைப் படம் எடுத்த டாக்டர், வசந்தம்வரைக்கும் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தது குவஹாராவுக்குத் தெரியும். மன்னிப்புக் கிடைத்தால் கண்காணிப்பு நீங்கும், ஓட்டு வரும், சட்டத்தின் கண்ணில் தண்டனை முடிந்துவிடும், மறுவிசாரணையை அதுபாட்டுக்கு நடத்திக்கொள்ளலாம் என்று நல்ல மனதோடுதான் விளக்கினார். மசுயே மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். மூன்றாம் பத்தியில் ஒரு வரி அச்சடித்தே இருந்தது. 'நான் செய்த குற்றத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்.'

"இது எதுக்கு?" என்று கேட்டாள்.

"அது எல்லாப் படிவத்துலயும் இருக்கறதுதாங்க. சும்மா ஒரு சம்பிரதாயம்."

"அன்னைக்கும் சும்மா ஒரு சம்பிரதாயம்னுதான் கைரேகை வாங்கினாங்க."

குவஹாரா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் ஷோஜி படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான். கொஞ்சம் இருமினான். சட்டைப் பையிலிருந்து, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கிற பெயர் முத்திரையை எடுத்துச் சிவப்பு மையில் தோய்த்தான்.

"போட்டுடறேன்க்கா" என்றான்.

"உனக்கு வருத்தமா இருக்காடா? செய்யாததுக்கு?"

"அது இல்ல. எனக்கு எப்படியோ முடிஞ்சிடும். நீ இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை அந்த வாசல்ல நிப்பே? எழுபத்தெட்டு வயசாச்சு. கால் வீங்கிப் போய் வர்றே. இதைப் போட்டா நீ வீட்ல இருக்கலாம்ல."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பத்தொன்பது வயதில், மூடிய அறைக்குள், அவள் பார்க்காத அந்த இருபத்தாறாம் நாளில் அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஐந்து வருடமாக அவள் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அது எதிரே இருந்தது. இப்போதும் அவளுக்காகத்தான்.

முத்திரையை வாயருகே கொண்டுபோய், மை நன்றாகப் பதிய வேண்டும் என்று எல்லோரும் செய்கிறதுபோல, 'ஹா' என்று ஒருமுறை ஊதினான். கை படிவத்துக்கு மேலே வந்தது.

மசுயே மேசைக்கு மேலாகக் குனிந்து அந்தக் கையை முத்திரையோடு சேர்த்துப் பிடித்தாள். பலமாக ஒன்றும் பிடிக்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டாள். சிவப்பு மை அவள் விரல் இடுக்கில் கசிந்தது. குவஹாரா படிவத்தை மெதுவாக மடித்துப் பையில் வைத்தார். எழுந்து தலை வணங்கினார், வாசலில் உட்கார்ந்து காலணியின் கயிறுகளைக் கட்டினார், பாலத்தின் பக்கம் நடந்தார். அவர் பாலம் ஏறி மறைந்த பிறகும் அவள் அந்தக் கையை விடவில்லை.