சூடாக இருந்த நாலு கல்

தலைக்கு மேல் குருவி ஒன்று பாய்ந்து வந்தால் மற்றவர்கள் குனிந்துகொள்வார்கள். நான் துண்டைக் காட்டில் போட்டு, ஒரு செருப்பை வரப்பில் விட்டு, வீடு வரைக்கும் ஓடி வந்து, "நெஞ்ச அடைக்குது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லு" என்றேன். மனைவி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எது தொரத்துச்சு?"

"குருவி."

"எவ்வளோ பெருசு?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். வான்கோழி அளவுக்கு வந்தது. அவள் என் கையைப் பார்த்தாள். மறுபடியும் அவரைக்காய்க்குத் திரும்பிவிட்டாள்.

தர்மபுரி டவுனில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்த என்னை, படபடப்புக்கு நல்லது, அமைதியான இடமாகப் பார்த்துப் போய் இருங்கள் என்று அனுப்பியது ஒரு டாக்டர். மொரப்பூர் பக்கம் அப்பா விட்டுப்போன மானாவாரிக் காடும், அதில் ஒரு ஓட்டு வீடும் இருந்தன. வந்துவிட்டோம். அமைதியான இடத்தில் ஓணான் ஓடினாலும் லாரி ஓடுவது போலக் கேட்கும் என்பதை அவர் சொல்லவில்லை. வந்த புதிதில் ராத்திரி ரயில் போனால்கூடக் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொள்வேன்.

சாயங்காலம் துண்டை எடுக்க மனைவியும் வந்தாள். துணைக்கு இல்லை, வேடிக்கைக்கு. என்னைத் துரத்தியது ஆள்காட்டிக் குருவி. புறாவைவிடக் கொஞ்சம்தான் பெரியது. எங்களைக் கண்டதும் கத்திக்கொண்டே எழுந்தது. அது எழுந்த இடத்தில் கூடு என்று ஒன்றும் இல்லை. வெறும் தரையில் சின்னப் பள்ளம், அதில் மண் நிறத்தில் கருப்புப் புள்ளி போட்ட நாலு முட்டை. சுற்றிக் கிடந்த கற்களுக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

"நாளைக்கு டிராக்டர் வருதுங்களே" என்றாள் மனைவி.

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே நெஞ்சை அடைத்தது. மழை பெய்து ஈரம் நிற்கிறது. இந்த ஈரத்தில் உழுது கடலை போடாவிட்டால் அடுத்த மழை எப்போதோ. டிராக்டரைத் தள்ளிப் போடச் சொன்னால் அது வேறு ஊருக்குப் போய்விடும். உழுதால் நாலும் மண்ணோடு மண்.

பயந்தவனுக்குத்தான் யோசனை வேகமாக வரும். முட்டையைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி வட்டமாகக் கல் அடுக்கினேன். டிரைவர் கண்ணுக்குத் தப்பாமல் இருக்க ஒரு கழியை நட்டு, பளிச்சென்று சிவப்புத் துணி கட்டினேன். துணி, மனைவி தைக்காமல் வைத்திருந்த ஜாக்கெட் பிட்டு. அது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கதையை விடுங்கள்.

டிரைவர் மறுநாள் வட்டத்தைச் சுற்றி வளைத்து வளைத்து ஓட்டினார். "குருவிக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டீங்களாண்ணா?" என்று கேட்டார். உழுத காட்டின் நடுவில் அந்த இடம் மட்டும் திட்டாக நின்றது. வண்டி போன கொஞ்ச நேரத்தில் குருவி நடந்து வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. அன்று நான் தூங்கிய தூக்கத்தை டாக்டர் பார்த்திருந்தால் தன் சாதனை என்று சொல்லியிருப்பார்.

அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால், கழி நுனியில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. அடுக்கிய கல்லுக்கெல்லாம் மஞ்சள் பூசி, சூடம் கொளுத்தி அணைந்திருந்தது. நடுவில் நாலு முட்டைக்கும் மஞ்சள், ஒவ்வொன்றுக்கும் குங்குமப் பொட்டு. குருவி தூரத்தில் ஒரு மண்கட்டிமேல் நின்றுகொண்டிருந்தது. கத்தவில்லை. அது கத்தாமல் நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீரும் என் துண்டும் எடுத்து வந்தேன், முட்டைகளைக் குளிப்பாட்டித் துவட்ட. மனைவி பின்னாலேயே வந்து குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய வெச்சீங்கன்னா அது இந்தப் பக்கமே வராதுங்க. இப்பால வாங்க."

"ஏற்கெனவே யாரோ வெச்சிட்டாங்களே."

"அதான் சொல்றேன். நீங்க வேற வெக்காதீங்க."

வேப்பமர நிழலுக்கு வந்தோம். அங்கே பக்கத்துக் காட்டுக்கார அக்கா எனக்காகவே காத்திருந்தார்கள், கையில் குங்குமச் சிமிழோடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்கள்.

"தம்பி, முனியப்பனுக்கு எடம் உட்டிருக்கறத ஒரு வார்த்த சொல்லலீங்களே. செவப்புத் துணியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அக்கா, அது முனியப்பன் இல்லீங்க. குருவி முட்ட."

அக்கா சிரித்தார்கள். "எங்கிட்டயே உங்க கேலியா? கல்லுன்னு நெனச்சுத்தான் தம்பி மஞ்சப் பூசினேன். தொட்டா சூடா இருந்துச்சு. விடியக்காத்தால, ஈரத் தரையில, எந்தக் கல்லு சூடா இருக்கும்? உசுரு இருந்தாத்தான இருக்கும்? எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. தலைக்கு மேல அந்தக் குருவி வேற, சாமி சாமின்னு கத்துது."

நான் எதையும் வேடிக்கையாகச் சொல்லியே பழகியவன். ஆனால் உசுரு இருந்தாத்தான என்றார்களே, அதில் எந்த இடத்தைத் தப்பு என்று சொல்வது? மனைவிதான் மெதுவாக விளக்கினாள். அக்காவின் முகம் வாடிவிட்டது.

"நான் தொட்டதுல அது ஒதுக்கிருச்சுன்னா, அந்தப் பாவம் எனக்குத்தானுங்க?"

"உங்களுக்குப் பாதி, அக்கா. துணி கட்டினவனுக்குப் பாதி" என்றேன். இந்த முறை கேலியாகச் சொல்லவில்லை.

மூன்று பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. முட்டைமேல் நேராக வெயில் விழுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும் என்று நினைத்தேன். குடையை நட்டு வைக்கலாமா என்று கேட்டேன். மனைவி என் துண்டைப் பிடித்துக்கொண்டாள். அக்கா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயிலில் நான் அப்படி உட்கார்ந்ததில்லை. அங்கே என் நெஞ்சு, என் ரத்தக்கொதிப்பு என்று கேட்பேன். இங்கே எனக்காகக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. பயம் அதே பயம்தான், ஆனால் அதற்கு இப்போது ஒரு வேலை கிடைத்திருந்தது.

குருவி மண்கட்டியிலிருந்து இறங்கியது. நாலு எட்டு நடந்து நின்றது. வேறு எங்கோ போவது போல நடித்தது. பிறகு வட்டத்துக்குள் வந்து, குனிந்து பார்த்து, அலகால் ஒரு முட்டையைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மனைவியிடம், "புகை, கண்ல" என்றேன். "எங்க அடுப்பு எரியுது?" என்றாள்.

மதியம் அது எழுந்தபோது வெள்ளை வயிற்றில் குங்குமம் ஒட்டியிருந்தது.

அப்புறம் வெள்ளிக்கிழமை, சேதி கேட்டுச் சூடத்தோடு வந்த ஊர்க்காரர்களை அக்காவே வரப்பிலேயே மறித்தார்கள். "இந்தச் சாமிக்கு ஆள் கிட்ட வந்தா ஆவாது. இங்கிருந்தே கும்புட்டுட்டுப் போங்க." காக்காயை விரட்டுவது என் பொறுப்பு. நாயை விரட்டுவதும் என் பொறுப்பு என்றுதான் ஏற்பாடு. ஆனால் நாய் என்னைக் கண்டு ஓடியதைவிட நான் நாயைக் கண்டு ஓடியது அதிகம் என்பதால் அதை மனைவி எடுத்துக்கொண்டாள்.

சுற்றிலும் கடலை முளைத்து இலை விட்ட சமயத்தில் குஞ்சு பொரிந்தது. மூன்றுதான். ஒன்று பொரியவில்லை. பொரிந்தவை ஈரம் காய்ந்ததும் எழுந்து, தாய் பின்னால் கடலைச் செடிக்குள் நடந்து போய்விட்டன. அந்த ஒரு முட்டையை அக்காவிடம் காட்டினேன். "பாதிப் பாதி, தம்பி" என்றார்கள். அந்தத் திட்டிலேயே குழி தோண்டிப் புதைத்தோம்.

திட்டை இன்னும் உழவில்லை. துணி வெளுத்துவிட்டது. நேற்று மத்தியானம் அந்தப் பக்கம் போனவன், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு குனிந்து ஒரு கல்லைத் தொட்டேன். சூடாக இருந்தது. பக்கத்துக் கல்லைத் தொட்டேன், அதுவும் சூடு. உச்சி வெயிலில் எந்தக் கல்தான் சூடாக இருக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

தலைக்கு மேல் கத்தல் கேட்டது. இந்தப் பருவத்தின் இரண்டாவது ஈடு முட்டை எங்கோ பக்கத்தில் கிடக்கிறது போல. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எதையும் மிதித்துவிடாமல் தரையைப் பார்த்துப் பார்த்து ஓடினேன்.