சாயிப்பின் பிரசங்கமும் அப்பாவின் இங்கிலீஷும்

எங்கள் வீட்டில் ஒரு ஜெர்மன்காரர் வாடகைக்கு இருந்தார் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. கேரள எல்லையோரம் கிடக்கிற குன்னத்துகாலுக்கு ஜெர்மன்காரர் எதற்கு வரவேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அன்றைக்கு ஊர் முழுக்க அதைத்தான் கேட்டது. தொண்ணூறுகளின் நடுவில், நான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது, முதுகில் ஒரு பையும் கையில் ஒரு மண்வெட்டியுமாக அவர் பனச்சமூட்டிலிருந்து வந்த பஸ்ஸைவிட்டு இறங்கினார். வெள்ளைக்காரர் ஒருவர் சொந்தமாக மண்வெட்டி வைத்திருப்பதை எங்கள் ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை.

வெள்ளைக்காரர் எல்லோரும் எங்கள் ஊருக்குச் சாயிப்புதான், இவரும் சாயிப்பு ஆனார். அவர் விலங்கியல் ஆராய்ச்சிக்காரர். தேடி வந்தது புலியையோ யானையையோ அல்ல, குருடியை. குருடி என்பது மண்ணுக்குள் வாழ்கிற, காலில்லாத ஒரு உயிர். பார்க்கப் பெரிய மண்புழு மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்குத்தான் சொந்தம். எங்கள் ஊரில் அதைப் பாம்புக்குட்டி என்று நினைத்து, கண்ட இடத்தில் இரண்டு துண்டாக வெட்டிவிடுவார்கள். சாயிப்பு சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய ஊர் மியூசியத்தில், ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊறிக்கிடந்த குருடியைப் பார்த்தாராம். குப்பியின்மேல் திருவிதாங்கூர் என்று ஒட்டியிருந்ததாம். மற்றப் பிள்ளைகள் பைலட் ஆக ஆசைப்படும் வயதில் அவர் திருவிதாங்கூருக்குப் போய் மண் கிளற ஆசைப்பட்டிருக்கிறார். அந்த ஆசை அவரை எங்கள் வீட்டுப் பின்னறையில் கொண்டுவந்து சேர்த்தது.

எந்த ஜந்துவும் வீட்டு நடையைத் தாண்டக்கூடாது என்பது அம்மா போட்ட நிபந்தனை. சாயிப்பு ஒத்துக்கொண்டார். ஆனால் அடுக்களையிலிருந்து ஹார்லிக்ஸ் குப்பிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒருநாள் பின்னறை ஜன்னலில் அவற்றை வரிசையாக, ஈரமண்ணும் அசைவுமாகப் பார்த்த அம்மா போட்ட சத்தத்துக்கு அவர் ஓடிவந்து, “சேச்சி, இது பாம்பு அல்லா” என்று மலையாளத்தில் கெஞ்சினார். “பாம்பில்லாட்டா இத கொண்டு கொழம்பு வைக்கட்டா?” என்றாள் அம்மா. அவருக்கு அது முழுக்கப் புரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்பா பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். தன்னிடம் மலையாளத்தில்தான் பேசவேண்டும், அப்போதுதான் படிக்கமுடியும் என்று சாயிப்பு முதல்நாளே கேட்டுக்கொண்டதால், அப்பா அப்படியே பேசினார். ஆகவே அப்பா இங்கிலீஷ் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற ஆள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

மழை பிடித்த ஜூன் மாதத்தில், ஒரு சாயங்காலம், சாயிப்பு தொப்பலாக நனைந்து ஓடிவந்தார். மூச்சும் வரவில்லை, மலையாளமும் வரவில்லை. கையைப் பிடித்து அப்பாவை இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். எங்கள் சபைக் கோயிலின், அதாவது சர்ச்சின், பின்னால் ஒரு சரிவு உண்டு. பலாவும் காட்டுச்செடியுமாக, எந்த மருந்தும் உரமும் காணாத நிலம். அங்கே ஒரு கல்லை மெதுவாகப் புரட்டிக் காட்டினார். உள்ளே ஒரு குருடி சுருண்டு கிடந்தது. அதன் நடுவில், பாசிமணி கோத்ததுபோல, முட்டைகள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அது அசையவே இல்லை. சாயிப்பு கல்லைப் பழையபடி வைத்து மூடினார். ஒன்றரை வருஷம் மண் கிளறியது இதற்காகத்தான் என்றார். இடம் மாற்றினால் தாய் முட்டைகளை விட்டுவிடும், இங்கேயே இருந்து குஞ்சு பொரிவதைப் பார்க்கவேண்டும், இந்த மழை முடிந்தால் தன் விசாவும் முடிகிறது என்றார்.

தொல்லை என்னவென்றால், அந்தச் சரிவில் ரப்பர் வைக்கச் சபைக் கமிட்டி தீர்மானித்திருந்தது. கன்றுகள் வந்து இறங்கிவிட்டன. திங்கட்கிழமை குழி வெட்ட ஆள் வரும். அப்பா சபைப் பொருளாளரைப் போய்ப் பார்த்தார்.

“புழுவுக்கு வேண்டி சபை ரப்பரு வைக்காம இருக்கணுமா சாரே? நல்ல கதையாக்கும்” என்றார் பொருளாளர். அதோடு விடாமல், “அது போட்டு, ஞாயிறாழ்ச்ச சாயிப்ப ஆராதனைக்குக் கூட்டிட்டு வாரும். ரெண்டு வார்த்த பேசட்டு” என்றார்.

எங்கள் கோயிலைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்கார மிஷனரி. அதிலிருந்து எங்கள் சபையாருக்கு வெள்ளைக்காரர் என்றால் பிரசங்கியார்தான். அவர் குருடி பிடிப்பாரா, குழாய் ரிப்பேர் செய்வாரா என்பதெல்லாம் இரண்டாவது. இவர் அந்த மாதிரி ஆள் இல்லை, கோயிலுக்கே போகாதவர் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். “வெள்ளக்காரன் இல்லியா, பேசாம இருப்பானா?” என்று பொருளாளர் முடித்துவிட்டார்.

சாயிப்புக்கோ ஏகப்பட்ட சந்தோஷம். குருடியைப் பற்றிச் சபைக்கே நேரில் எடுத்துச் சொல்லிவிடலாமே. மண்வெட்டிக்கும் சோற்றுக்கும் போதுமான தன் மலையாளம் இதற்குப் போதாது, தான் இங்கிலீஷில் பேசுவதைத் தமிழில் சொல்லவேண்டும் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டார். அப்பா வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது. திருப்புறத்திலிருந்துகூட ஆள் வந்திருந்தது. சாயிப்பு அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பீடத்தில் நின்றார். சட்டைக்கை அவருக்கு முழங்கையிலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் அப்பா. நான் முன்வரிசைப் பாயில், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இது பாம்பு இல்லை, பாம்பு என்று நினைத்துத்தான் இதை எல்லோரும் கொல்கிறார்கள் என்று சாயிப்பு இங்கிலீஷில் ஆரம்பித்தார். ‘ஸ்நேக்’ எனக்குத் தெரிந்த வார்த்தை.

“பிரியமானவர்களே,” என்றார் அப்பா, “கண்ணால் காண்கிறபடி ஒருவரையும் நியாயந்தீர்க்காதிருங்கள்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாம்பு எங்கே போயிற்று?

தாய் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கும் என்றார் சாயிப்பு. அப்பா, “ஒரு தாய் இருக்கிறாள். உண்ணாமல், உறங்காமல், தன் பிள்ளைகளுக்காக உபவாசமிருக்கிறாள்” என்றார். பெண்கள் பக்கமிருந்து ஒரு விசும்பல் கேட்டது. சாயிப்பின் பேச்சில் தவளை ஒன்று வந்தது, அதை அப்பா தொடவே இல்லை. ‘எக்’ என்று சாயிப்பு சொன்ன இடத்திலெல்லாம் அப்பா ஆத்துமா என்றார். அது இந்தக் கோயிலுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று சாயிப்பு கையைக் காட்டினார். “இந்த ஆலயத்தின் பின்புறத்திலே, அந்த மண்ணுக்குள்ளே, கர்த்தர் ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறார்” என்றார் அப்பா. கடைசியாக ஆறு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சாயிப்பு வேண்டிக்கொண்டார்.

“நாற்பது நாள்,” என்றார் அப்பா. “நாற்பது நாள் காத்திருக்க உங்களால் கூடாதா?”

கோயிலே அழுதது. பொருளாளர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “நாப்பது நாளு எவனும் அங்க மம்பட்டி வைக்கப்பிடாது” என்றார். ஆராதனை முடிந்தபின் அப்பாவைத் தனியே பிடித்து, “அந்தத் தாயி ஆராக்கும் சாரே?” என்று கேட்டார். “ஒரு பாவப்பட்ட தாயாக்கும்” என்று சொல்லி அப்பா குடையை விரித்தார்.

திரும்பி நடக்கும்போது, மொழிபெயர்ப்பு பிரமாதம் என்று சாயிப்பு மலையாளத்தில் சொல்லி அப்பாவின் தோளைத் தட்டினார். இருவரும் மழைக்குள் கிடந்து சிரித்தார்கள். பாவம் சாயிப்பு, தமிழ் தெரியாததால் பாராட்டுகிறார் என்று நினைத்தேன். அதைவிடப் பாவம் அப்பா. என் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. முட்டை என்கிற வார்த்தைகூடத் தெரியாது. இது ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, அம்மாவிடம்கூட.

அன்று சாயங்காலம் என் இங்கிலீஷ் புத்தகத்தை, விலங்குகள் பாடத்தைத் திறந்து, அப்பாவின் மேசைமேல் வைத்தேன். அப்பா புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மெல்லிய குரலில், ‘எக்’ என்றால் முட்டை, ஆத்துமா இல்லை என்றேன். அடுக்களையில் அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அப்பா நாற்காலியிலிருந்து இறங்கி, பாயில் என் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“படிப்பிச்சு தா மக்கா” என்றார்.

அந்த மழைக்காலம் முழுக்க, விளக்கு வைத்து ஜெபம் முடிந்ததும் அப்பாவுக்கு வகுப்பு நடந்தது. ‘ஃப்ராக்’, ‘ஸ்நேக்’, ‘மதர்’ என்று நான் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லுவார். நாற்பது நாள் முடிவதற்குள் முட்டைகள் பொரிந்தன. சாயிப்பு எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தாயின் மடிப்புகளுக்குள் நூல்நூலாகக் குஞ்சுகள். அவர் சேற்றில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் ரப்பர் குழி வெட்டினார்கள். அந்தக் கல்லைச் சுற்றி மட்டும் பொருளாளரே கயிறு கட்டி விட்டுவைத்தார்.

சாயிப்பு பிறகு பிரேசிலுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அதே காலில்லாத சொந்தக்காரர்களைத் தேடிப் போனார். எந்த மியூசியத்தில் குப்பியைப் பார்த்தாரோ அதே மியூசியத்தில் பெரிய ஆள் ஆனார். நான் பிளஸ் டூ படிக்கும்போதுதான் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் கூப்பிட்டார். மலையாளத்தை மறந்துவிட்டார்போலும். அப்பா இங்கிலீஷில் பேசினார். ஒரு தடங்கல் இல்லை, ஒரு வார்த்தைக்குத் தேடல் இல்லை. சிரித்துச் சிரித்து வெகுநேரம் பேசினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் என்னைக் கண்டார்.

“நீ படிப்பிச்ச இங்கிலீஷாக்கும் மக்கா” என்று சொல்லிவிட்டு முற்றத்துக்கு இறங்கிப் போய்விட்டார்.

ஞாயிறு பள்ளியில் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று எங்களுக்கு மனப்பாடம் செய்வித்தவர் அவர். பீடத்தில் நின்று மாற்றிச் சொன்னேன் என்று மகளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பொய் சொன்னவராக என் முன்னால் நிற்பதைவிட, ஒன்றும் தெரியாதவராக உட்கார்ந்திருப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் அதெல்லாம் அறியாமல், வாரக்கடைசியில் அவருக்குப் பரீட்சை வைத்தேன். சிவப்பு மையில் திருத்தி, பத்துக்கு ஆறு போட்டு, இன்னும் கவனம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கைகட்டி நின்று வாங்கிக்கொண்டார்.