தூணுக்குச் சீயக்காய் தேய்த்த நாள்

குற்றாலத்து எண்ணெய் மண்டபத்தை இடித்தது எங்கள் மாமா. பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற கூட்டம் என்று போன மாதம் தென்காசியில் மேடையேறி, "சர்க்கார் இடித்துவிட்டது" என்று அவர் அழுததெல்லாம் பொய். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்தான், இருந்தாலும் சொல்கிறேன். ரோட்டை அகலப்படுத்த உத்தரவு போட்டது சர்க்கார், சரி. காண்ட்ராக்ட் அவருடையது. கயிறு அவருடையது. நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஐம்பதுகளின் கடைசி. எனக்கு அப்போது ஒன்பது வயது.

மண்டபம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அருவிக்குப் போகிற வழியில் எட்டுக் குட்டைத் தூண்கள், மேலே பாவிய கல். கையைத் தூக்கினால் மேல்கல்லைத் தொடலாம். சிற்பம் ஒன்றும் கிடையாது. சீசனில் அருவிக்குப் போகிறவர்கள் அங்கே உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். தேய்த்து முடித்ததும், முன்மூலைத் தூணில் இரண்டு உள்ளங்கையையும் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் நடப்பார்கள். எண்ணெய்க் கையோடு போனால் அருவியில் கம்பியைப் பிடிக்க முடியாது. எத்தனை ஆயிரம் பேர் கையோ, அந்தத் தூண் அடியிலிருந்து உச்சிவரை கறுத்து மினுங்கும். சாரல் பெய்தால் சேம்பு இலையில் உருளுவதுபோல் தண்ணீர் அதன்மேல் உருண்டு விழும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் இருந்தது. கூட்டத்தில் தொலைந்தால் அழக் கூடாது. எண்ணெய்த் தூணுக்கு வந்து நிற்க வேண்டும். வழி தெரியாவிட்டாலும் வாசனை கொண்டுவந்து விட்டுவிடும் என்பாள் அம்மா. மாமாவே ஏழு வயதில் தொலைந்து, அந்தத் தூணடியில் கிடைத்தவர்தான்.

"மண்டபம் வெள்ளிக்கிழமையோட போயிரும்" என்று ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார் மாமா, கூட்டில் உப்பு குறைவு என்று சொல்வதுபோல. வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா என்னையும் ஆறு வயதுத் தம்பியையும் கூட்டிக்கொண்டு தென்காசியில் பஸ் ஏறினாள். கடைசியாக ஒரு தடவை அந்தத் தூணில் கை துடைத்துவிட்டுக் குளிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேல்கல்லும் ஏழு தூண்களும் கீழே கிடந்தன. கறுப்புத் தூண் மட்டும் நின்றது. கயிறு அதில் நிற்கவில்லை. கட்டி இழுக்கும்போதெல்லாம் வழுக்கிக்கொண்டு உச்சி வழியாகக் கழன்று வந்தது. இழுத்த ஆட்கள் கயிற்றோடு மல்லாக்க விழுந்தார்கள்.

"அண்ணாச்சி, இது எண்ணெ தேச்சுக்கிட்டு நிக்கு. குளிப்பாட்டாம வராது" என்றான் ஒருவன்.

மாமா சிரிக்கவில்லை. நாலு மணிக்கு எஞ்சினியர் ஜீப்பில் வருகிறார். அதற்குள் இடம் தரையாக வேண்டும். "போயி சீயக்கா வாங்கிட்டு வாங்கலே!" என்று கத்தினார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, தூணைக் குளிப்பாட்டினார்கள். கறுப்பு நுரை ரோட்டில் ஓடியது. எனக்கும் தம்பிக்கும் ஒரே கொண்டாட்டம்.

அம்மா எங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். கை துடைக்கப் போனால் ஆட்கள் விடவில்லை. "தேச்சுத் தேச்சுத் தோளு எறங்கிட்டு, தாயி. மறுபடியும் பூசிராதிய." எண்ணெய்க் கையோடு அருவிக்குப் போனோம். தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா. பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். நெரிசலில் யாரோ இடித்தார்கள். அவன் கை என் கைக்குள்ளிருந்து மீன்போல நழுவியது. திரும்பினேன். ஆள் இல்லை.

அம்மா கத்திக்கொண்டே அருவிக்கரையைச் சுற்றினாள். தண்ணீர் செம்மண் நிறமாகிக்கொண்டிருந்தது, வெள்ளம் வருவதற்கு அடையாளம். பிறகு மண்டபத்துக்கு ஓடி வந்தாள். தூணில் முதுகை ஒட்டி நின்றுகொண்டாள். தம்பிக்குச் சட்டம் தெரியும், எப்படியும் வருவான். அவள் தலைக்கு மேலே கயிறு கட்டியாகிவிட்டது. இந்தத் தடவை அது இறுகப் பிடித்திருந்தது.

"ஏட்டி, நவுரு. மணி மூணரை ஆயிட்டு" என்றார் மாமா.

"பிள்ள இங்கனதான் வருவான். வந்ததும் நவுருதேன்."

"வந்தா நான் பிடிச்சு வைக்க மாட்டனா? அதுக்குத் தூணு எதுக்கு?"

"உன்னைய யாருண்ணே பிடிச்சு வச்சா? மூக்கு ஒழுக இதத்தான கட்டிக்கிட்டு நின்ன?"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. என்னைக் கல் ஏற்றும் வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"தம்பி போலீஸ் அவுட்போஸ்ட்ல இருக்கான். மிட்டாய் தின்னுக்கிட்டு இருக்கான். போயி அம்மைட்ட சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "நீ பாத்தியாட்டி?"

"பாத்தேன்மா. பச்ச மிட்டாய்" என்றேன்.

அம்மா தூணை விட்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். பாதி வழியில் தரை அதிர்ந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவுட்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து ஈர பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு குதிரை வண்டிக்காரர் தம்பியைக் கொண்டுவந்து சேர்த்தார். தென்காசி போகிற ரோட்டில் மேலகரத்துப் பக்கம், இடுப்பில் ஈரத் துண்டோடு நடந்துகொண்டிருந்தானாம். அவன் சரியாகத்தான் வந்திருக்கிறான். தூண் இருந்த இடத்துக்கே, அப்போது எஞ்சினியரின் ஜீப் நின்ற இடத்துக்கே வந்திருக்கிறான். ஏன் நிற்கவில்லை என்று மாமா அதட்டினார். தம்பி சொன்னான்:

"தூணு இல்ல. வாசமும் இல்ல. இது வேற எடம்னு நெனச்சேன். அதான் தேடிக்கிட்டே போனேன்."

அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் அவன் அம்மாவின் சேலையைப் பிடிக்காமல் தெருவில் இறங்கியதில்லை.

நான் கெட்டிக்காரி என்பதால்தான் மாமா அந்தச் செய்தியை என்னிடம் சொல்லி அனுப்பினார் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் சொன்னால் அம்மா நம்ப மாட்டாள், நான் சொன்னால் நம்புவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஆனால் "பாத்தேன்" என்றது நான். பச்சை மிட்டாயும் நான் சொன்னது. அம்மா சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இப்போது எல்லோரும் படிக்க எழுதிவிட்டேன்.

மாமா, இனி நீங்கள் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் உங்களைத்தான் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மண்டபத்துக்காக அழ வேண்டாம். அதே மைக்கில், ஊர் கேட்க, ஒரே ஒரு பதில் போதும். கயிற்றை இழுக்கச் சொன்னீர்களே, அப்போது அந்தப் பிள்ளை எங்கே இருந்தான் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?