பப்பாளித் தண்டு

என் அக்காவின் படிப்பு நின்றதற்கு நான்தான் காரணம்.

பேத்தியின் பள்ளியில் மகளிர் தினத்துக்குப் பிடித்த பெண்ணைப் போல வேடமிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் வேடம் போட நினைத்தவள், நெஞ்சில் வைக்கும் குழலுக்காகப் பப்பாளித் தண்டை ஒடித்தாள். அந்தப் பால் வாடை என்னைத் தோவாளை வீட்டுப் புழக்கடைக்கு இழுத்துப்போனது.

அங்கே சிறுவயது விளையாட்டில் அக்கா டாக்டரம்மா. நான் எப்போதும் நோயாளி. பப்பாளித் தண்டின் ஒரு முனையை என் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்து, "ஏலே, மூச்ச இழுத்து விடு" என்பாள். ஒருநாள் சண்டையில் எனக்குக் கோபம் வந்தது.

"அக்கா பள்ளிக்கூடத்துல பயலுவ நெஞ்சுலயும் குழல் வச்சுப் பாக்கா" என்று அப்பாவிடம் சொன்னேன். பொய். அப்பா தண்டை மிதித்து நசுக்கினார். மறுநாளிலிருந்து அக்கா பிச்சிப்பூ கட்ட உட்கார்ந்தாள்.

நேற்று பேத்தியோடு தோவாளைக்குப் போனேன். அக்கா பூ கட்டிக்கொண்டிருந்தாள். பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். "யாரு வேஷம்னு டீச்சர் கேட்டா ஒன் பேரச் சொல்லச் சொல்லியிருக்கேன்க்கா."

"நான் எப்பலே டாக்டரானேன்?"

அக்கா பேத்தியை அருகில் இழுத்து, அவள் கையிலிருந்த தண்டைத் திருத்திப் பிடிக்க வைத்தாள்.

"இப்பிடி அழுத்திப் புடிக்கணும் மக்கா. அப்பதான் கேக்கும்."

பிறகு பூவை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.