அயூப் பாயின் மழை ரேட்

தகரச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்க்காமல் அயூப் பாய் விலை சொல்ல மாட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியில் கை வைப்பார்களே, அப்படி வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். பிறகு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, கடை வாசலில் ஆணியில் தொங்கும் சிலேட்டை எடுத்து ஒரே ஒரு சொல் எழுதி மாட்டுவார். தகரம் காய்ந்திருந்தால் ‘வெயில்’. மூடுபனி இறங்கி ஈரம் ஒட்டினால் ‘மஞ்சு’. தண்ணீர் வழிந்தால் ‘மழை’. அன்றைக்கு அந்தக் கடையின் விலைப்பட்டியல் அவ்வளவுதான்.

தேவாலா பஜாரில், பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது கடை. மோட்டார் சைக்கிள்களுக்குக் கேட்ட வண்ணம் அடித்து, கேட்ட படம் வரைந்து கொடுப்பது தொழில். கழுகு, புலி, தீ நாக்கு, காதலியின் கண் என்று எதைச் சொன்னாலும் பெட்ரோல் டேங்கின் மேல் வந்துவிடும். கண்ணை வரைந்த பிறகு காதல் முறிந்தால் அழிப்பதற்கும் அவரிடம்தான் வர வேண்டும். வெயில் ரேட்டுக்கு ஒன்றரை மடங்கு மஞ்சு ரேட். மழை ரேட் இரண்டு மடங்கு. நகைக்கடைக்குப் போன் போட்டுத் தங்கம் விலை கேட்பது போல, கூடலூர்ப் பையன்கள் காலையிலேயே போன் போட்டு, "பாய், இன்னைக்கு என்னங்க ரேட்டு?" என்று கேட்கிறார்கள்.

வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற ஊரில் இது என்ன அடாவடி என்று நானே அவரிடம் கேட்டிருக்கிறேன்.

"ஏனுங்க டீச்சர், பெயிண்டு என்ன பெரிய வெலைங்களா? டப்பா கோயமுத்தூர்ல இருந்து பஸ்ஸுல வந்துரும். வெயிலு பஸ்ஸுல வருமா? கடேசியா பளபளன்னு ஒரு கோட் அடிப்போம் பாருங்க, கிளியர் கோட்டு, அத ஈரத்துல அடிச்சா பால் கொட்டுன மாதிரி வெளுத்துப் போயிருமுங்க. தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி அடிக்கோணும். ரெண்டு வேலைக்கு ரெண்டு கூலிங்க. ரேட்டு நான் போடறதில்லீங்க. மேல இருந்து வருது."

மேலே என்று விரலைத் தூக்கிக் காட்டினார். மேகத்தையா அல்லாவையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். காது மடலில் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தே அந்த வாரம் என்ன வண்டி அடித்தார் என்று சொல்லிவிடலாம். பால் டீ குடிக்க மாட்டார். வெளுத்துப்போன கிளியர் கோட் ஞாபகத்துக்கு வருகிறதாம். கட்டஞ்சாயாதான். ஊர் வண்டிகளுக்கெல்லாம் சிங்காரம் செய்கிற மனிதரின் சொந்த வண்டிக்கு மட்டும் வண்ணமே கிடையாது. அடிப்பூச்சாக அடித்த சாம்பல் நிற ப்ரைமரோடு வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. "எனக்கு நானே ரேட்டு சொன்னா, நானே பேரம் பேசுவேனுங்க. எதுக்குத் தகராறு?" என்கிறார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் ஸ்கூட்டரின் முன் மட்கார்டு பாதி நீலம், பாதி துரு. கொடுத்தால் வெயில் ரேட்டுதான் என்று நானும் பிடிவாதமாக இருக்கிறேன். சிலேட்டில் வெயில் என்று எழுதியிருக்கும் நாளில் எனக்குப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவதோ மழைக்காக. இந்த ஜென்மத்தில் அந்த மட்கார்டு முழு நீலம் ஆகப்போவதில்லை.

சலுகை என்ற பேச்சுக்கே இடமில்லை. போன வருஷம் அவர் மனைவி முனவ்வராவின் தம்பி ஜாகீர், அடைமழையில் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மச்சான் ஆயிற்றே என்று பாய்க்கு நாக்கு தடுமாறியிருக்கிறது. ஆனால் சிலேட்டில் மழை என்று எழுதியாகிவிட்டது. மழை ரேட்டையே வாங்கிவிட்டார். அன்றிலிருந்து பெருநாளுக்கு வந்து உட்காரும்போதெல்லாம் ஜாகீர், "அக்கா, இது வெயில் பிரியாணியா, மழை பிரியாணியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைக்கிறார். முனவ்வரா கணவரிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "என் தம்பிகிட்டயே வாங்கிட்டீங்க. இனி வேற யாருக்காவது கொறைச்சீங்கன்னு என் காதுல விழுந்துச்சு, அந்த சிலேட்டுலதான் உங்களுக்குச் சோறு."

இந்த நிலைமையில்தான், மழை லீவில் நான் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், ஜூலை மாதத்து மழையில் நனைந்துகொண்டு விஜயா வந்து நின்றாள்.

விஜயா என்னிடம் படித்தவள். அவள் அப்பா வீரையா பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். இலையை உலர்த்தும் டிரையருக்கு அந்த அடுப்பிலிருந்துதான் சூடு போகும். விஜயாவுக்குக் கிராம சுகாதார செவிலியர் வேலை கிடைத்திருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லயங்களுக்குப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். அந்தப் பாதைகளுக்கு ஸ்கூட்டர் ஆகாது என்று ஸ்ரீமதுரையில் ஒருவனிடம் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தாள். கொள்ளை மலிவு. மலிவுக்குக் காரணம் டேங்கின் மேலேயே இருந்தது. முழுசாக ஒரு மண்டை ஓடு. கண்குழிகளில் தீ, பற்களுக்கு நடுவே பாம்பு.

"இந்த வண்டில போயி எறங்கி நான் ஊசிய எடுத்தா, புள்ளைங்க மட்டுமில்ல பாய், தாய்மாருங்களும் தேயிலைக்குள்ள ஓடிருவாங்க. மஞ்சள் அடிச்சுக் குடுங்க. பக்கத்துல ஒரு குட்டி யானை. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்."

அயூப் பாய் டேங்கைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த மண்டை ஓடு அவர் கைவேலைதான். ஒரு பிப்ரவரி மாதத்து நல்ல வெயிலில், வெயில் ரேட்டுக்கு, ஊண் உறக்கம் மறந்து வரைந்தது.

"இந்தப் பல்ல ஒவ்வொண்ணா வரைஞ்சேன் கண்ணு," என்றார். "இவ்வளவு நல்ல பல்லு என் வாயிலயே கெடையாது."

எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் மனிதர் சீக்கிரமே தேறிவிட்டார். யானை அவர் மனதுக்குள் நுழைந்துவிட்டது. தும்பிக்கை தூக்கியிருக்க வேண்டுமா, தொங்க வேண்டுமா என்று கேட்டார். தூக்கியிருக்கட்டும் என்றாள் விஜயா. காது எவ்வளவு பெரிசு என்று இருவரும் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். அப்புறம் அவர் எழுந்து போய்த் தகரத்தில் புறங்கையை வைத்தார். தண்ணீர் முழங்கை வரைக்கும் ஒழுகியது. சிலேட்டில் காலையிலிருந்தே ‘மழை’ என்றுதான் இருந்தது.

விஜயாவின் முகம் சுருங்கிவிட்டது. வண்டி வாங்கியதுபோக அவள் கையில் இருந்தது வெயில் ரேட்டுக்குத்தான் காணும். மீதியைச் சம்பளம் வந்ததும் கொடு என்று பாய் சொன்னார். கடன் சொல்லிவிட்டு வேலையில் சேர மாட்டேன் என்று அவள் தலையாட்டிவிட்டாள். அவள் குணம் எனக்குத் தெரியும், பென்சில்கூட இரவல் வாங்காத பெண்.

"கொஞ்சம் கொறைச்சுக்கக் கூடாதா?" என்று நான் வாயைத் திறந்தேன். கடைக்குப் பின்னாலேயே இருக்கும் வீட்டுக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது. முனவ்வராவுக்குக் காது ரொம்பக் கூர்மை. அயூப் பாய் என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊருக்கெல்லாம் தடுப்பூசி போடப்போகிற பெண்ணிடம் இந்தக் கறாரா? இனி இந்தக் கடைப் பக்கமே வருவதில்லை என்று குடையை விரித்தேன். ஆனால் விஜயா கிளம்பவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாய், ரேட்டு இந்தத் தகரம் சொல்றதுதானா?"

"வேல எங்க நடக்குதோ அந்தச் சுவரு சொல்றது கண்ணு. மலைக்குக் கீழ நெலம்பூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப அங்கயே ஒரு வண்டி அடிச்சேன். இங்க பேய்மழை, அங்க வெயிலு. வெயில் ரேட்டுதான் வாங்குனேன். வேணும்னா அவங்கள கேட்டுப் பாரு."

"சரிங்க பாய்," என்று சொல்லி, டேங்கைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு, மற்றதைத் தள்ளிக்கொண்டு மழையில் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை விஜயாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "டீச்சர், ஃபேக்டரிக்கு வாங்க. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

போனேன். ஃபேக்டரியின் பின்பக்கம், தகரம் போர்த்திய அடுப்புச் சுவரை ஒட்டி, விறகு அடுக்கும் ஒரு கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை இலை வராது, அடுப்பு எரியாது. ஆனால் ஆறு நாள் வாங்கிய சூட்டை அந்தச் சுவர் அவ்வளவு லேசில் விடாது. நாங்கள் பேசினால் வாயிலிருந்து புகை வந்த அந்தக் குளிரில், கொட்டகைக்குள் காலை வைத்ததும் என் கண்ணாடி மங்கிவிட்டது.

தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஆண்ட்ரூ கதவடியில் காவல் நின்றார். தேயிலைத் தூள் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், இருந்ததையெல்லாம் முன்பக்கக் கோடவுனுக்கு அனுப்பிவிட்டு, உள்கதவின் இடுக்கில்கூடச் சாக்கைத் திணித்திருந்தார். "பெயிண்ட் வாசம் ஒரு மூட்டைல ஏறுனாலும் ஏலத்துல என் பேரு நாறிரும். சாயங்காலத்துக்குள்ள எல்லாம் வெளிய போயிரணும்," என்று விஜயாவிடம் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். இன்னும் ஒரு டப்பாகூடத் திறக்கவில்லை.

அயூப் பாய் ஆட்டோவில் வந்து இறங்கினார். கம்ப்ரசர், ஸ்ப்ரே கன், டப்பாக்கள். பின்னாலேயே குடையும் தோள்பையுமாக முனவ்வரா. குறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாக டேங்கை எடுத்து வைத்தார்கள். மண்டை ஓட்டைக் காணோம். தீயும் இல்லை, பாம்பும் இல்லை, அந்த அழகான பற்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. மழமழவென்று தேய்த்து எடுத்திருந்தார். விலை சொல்வதற்கு முன்னால் அவர் எமரி ஷீட்டைத் தொட்டது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை.

"தேய்க்கறதுக்கு வெயிலு எதுக்குங்க டீச்சர், அது தண்ணில செய்யற வேலை," என்றார், நான் கேட்காமலேயே.

"நெருப்பு சுத்தமா அணைஞ்சிருக்கா?" என்று வீரையாவைக் கேட்டார். பெயிண்டில் கலக்கும் தின்னருக்கும் நெருப்புக்கும் ஆகாது.

"நேத்தே அணைச்சாச்சி பாய். சாம்பலும் வாரியாச்சி. செவருதான் இன்னும் கோவம் ஆறாம நிக்கிது," என்றார் வீரையா.

அப்பாவும் மகளும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அயூப் பாய் அடுப்புச் சுவரின் தகரத்தில் புறங்கையை வைத்தார். கண்ணை மூடினார். கூரையில் மழை போட்ட சத்தத்தில் யார் பேசினாலும் கேட்டிருக்காது. வழக்கத்தைவிட நெடுநேரம் கையை எடுக்காமல் நின்றார். விஜயா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சரி என்று சொல்லிவிட்டால் என் ஸ்கூட்டரையும் உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிடலாமா என்று என் அல்ப புத்தி ஒரு கணம் கணக்குப் போட்டது.

கையை எடுத்தவர், மனைவியைப் பார்த்தார். முனவ்வரா குடையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, தானும் தகரத்தில் புறங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து, விரல்களை ஊதிக்கொண்டார். பிறகு தோள்பைக்குள் கையை விட்டு, முந்தானையில் சுற்றி வைப்பது போல ஒரு துண்டில் பத்திரமாகச் சுற்றியிருந்த சிலேட்டை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

காலையில் எழுதிய ‘மழை’ அதில் அப்படியே இருந்தது. அயூப் பாய் நனைந்த சட்டைக் கையால் அதைத் துடைத்தார். இருக்கிறதிலேயே பெரிய எழுத்தாக ‘வெயில்’ என்று எழுதி, வீரையாவின் துண்டு தொங்கிய ஆணியில் மாட்டினார்.